ஆறுதல் சொல்லக் கூடாத வைத்தியம்

பயந்து நடுங்கும் பிள்ளையைப் பார்த்து "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாமல் இருப்பதற்குக் காசு வாங்குகிற ஒரே ஆள் அந்த ஊரில் மேடம்தான். பெற்றவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர், யாரைக் கேட்டாலும் அந்த இரண்டு வார்த்தையை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேடம் மட்டும் அசைந்து கொடுக்க மாட்டார். "கையில கிருமி ஒட்டியிருக்குமா மேடம்?" என்று கேட்டால் "ஒட்டியிருக்கலாம்" என்பார். "நான் ஃபெயில் ஆயிடுவேனா?" என்றால் "ஆகலாம்." பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஆகலாம் மேடம்'. அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமைதான்.

இதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பவர்கள் ஓசிடி என்கிற வியாதியைக் கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அர்த்தம். கதவைப் பூட்டினேனா, கை சுத்தமாக இருக்கிறதா, யாருக்காவது கெடுதல் செய்துவிட்டேனா என்று சந்தேகம் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். நமக்கு வந்த வழியே போய்விடும். இந்தப் பிள்ளைகளிடம் வந்தால் சட்டமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடும். ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தால், யாரையாவது ஒருமுறை கேட்டால், கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் இன்னும் பெரிய பசியோடு திரும்பி வரும். ஆறுதல்தான் அதற்குத் தீனி. தீனியை நிறுத்துவதுதான் மேடத்தின் வைத்தியம். நடுங்கட்டும், வியர்க்கட்டும், அழட்டும், யாரும் பதில் சொல்லாதீர்கள். பயம் ஏறிய மாதிரியே தானாக இறங்கும் என்பார். அது இறங்குவதைப் பிள்ளை ஒருமுறை தன் உடம்பில் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் கழுவாத டம்ளர்கள், திறந்த குப்பைக்கூடை, கன்னாபின்னாவென்று அடுக்கிய புத்தகங்கள், வேண்டுமென்றே கோணலாக மாட்டிய ஒரு படம். புதிதாக வரும் அம்மாக்களுக்குக் கை சும்மா இருக்காது, படத்தை நேராக்கப் போவார்கள். "அதைத் தொடாதீங்க. இந்த ரூம்ல என்னைவிட அதுதான் அதிகமா வேலை செய்யுது" என்று மேடம் தடுப்பார். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தால் "இவகிட்ட பார்த்துப் பேசுங்க, நமக்கே ஏதாவது வியாதி கண்டுபிடிச்சிடுவா" என்று சிரிப்பார்கள். கணவருக்கு வேறு குறை. "ஊர்ப் பிள்ளைங்ககிட்ட நாள் பூரா பேசிட்டு வீட்டுக்கு வந்தா உம்முன்னு இருக்கே" என்பார். மேடம் அதற்கும் உம்மென்றுதான் இருப்பார்.

வெளியறையில் ஒரு நீள சோபா, ஒரு தண்ணீர் கேன், ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அக்கா. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். "அங்க வாயைத் திறக்கச் சொல்லி அழ வெப்பாங்க, இங்க வாயை மூடி அழ வெக்கிறாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆரம்பத்தில் ஒருவரும் படியேறாமல் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் உண்டு. அப்போது அக்காதான் கீழே போய்க் கண்ணாடிக் கடை வாசலில் நின்று, கண் பரிசோதிக்க வருகிறவர்களிடமெல்லாம் மேடத்தைப் பற்றி ஒன்றுக்குப் பத்தாக அளந்துவிட்டு வருவாள். வெளியாட்கள் முன்னால் "மேடம்". கதவு சாத்தியபின் "தங்கச்சி". மேடத்துக்குக் கூடப்பிறந்தது இரண்டு அண்ணன்கள். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட ஆள் கிடைத்தது அந்த வெளியறையில்தான்.

வருகிற பிள்ளைகளுக்கு அக்கா தனியாகப் பெயர் வைத்திருந்தாள். சோப்பைக் கரைத்துக் குடிக்காத குறையாகக் கை கழுவியவன் சோப்புத் தம்பி. பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவன் பூட்டுத் தம்பி. அப்படித்தான் வண்டி ஓட்டப் பயந்து வந்த ஒரு பெண்ணும் ஸ்கூட்டர்காரி ஆனாள்.

ஸ்கூட்டர்காரி ரத்தப் பரிசோதனைப் படிப்பை முடித்தவள். நல்ல மார்க். ஒரு பெரிய பரிசோதனை நிலையத்தில் வேலையும் சொல்லிவைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும், ஸ்கூட்டர் கட்டாயம். அங்கேதான் வந்தது வினை. அவள் நன்றாக வண்டி ஓட்டுவாள். ஆனால் சின்னப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் போதும், "ஐயோ, யார் மேலயோ ஏத்திட்டேன்" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். திரும்பிப் போய்ப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பும்போது வேறு யாரையாவது இடித்திருந்தால்? மறுபடி திரும்புவாள். இப்படி ஒரே தெருவில் போயும் வந்தும் பொழுது சாய்ந்துவிடும். தெருமுனை டீக்கடைக்காரர் ஒருநாள் "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள் வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மேடம் அவளுக்காகத் தன் உடம்பையே பணயம் வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பின்சீட்டில் தொற்றிக்கொண்டு, மேடுபள்ளமான தெருக்களாகப் பார்த்து ஓட்டச் சொல்வார். தூக்கிப் போடும். ஸ்கூட்டர்காரியின் தோள் கல்லாக இறுகும்.

"மேடம், இப்ப ஏதோ ஏறுச்சு."

"ஏறியிருக்கலாம்."

"ஒரே ஒரு தடவை கண்ணாடியில பார்த்துக்கிறேன்."

"கண்ணாடி பின்னால வர்ற வண்டியைப் பார்க்க. தாண்டி வந்த ரோட்டைப் பார்க்க இல்ல. ஓட்டு."

அழுதுகொண்டே ஓட்டுவாள். மேடம் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் அம்மா அப்பாவுக்கும் கண்டிப்பான உத்தரவு: கேள்வி கேட்டால் பதில் கிடையாது. பாவம், அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடுவாளாம்.

மெல்ல மெல்ல மாற்றம் தெரிந்தது. பிறகு மெல்ல என்பதே போய், கிடுகிடுவென்று முன்னேறினாள். தனியாகக் கடைக்குப் போனாள், மார்க்கெட் நெரிசலில் ஓட்டினாள், நேராகக் கிளினிக்குக்கே வண்டியில் வந்து இறங்கினாள். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வேலையில் அவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் இந்த மாதிரி ஒன்றிரண்டுதான். "அக்கா, பார்த்தீங்களா! சாவியைத் தூக்கிப் போட்ட பொண்ணு!" என்று வெளியறைக்கு வந்து கூத்தாடினார். அக்காவும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். வேலையில் சேரும் தேதியும் குறித்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன். குனியாதே, எதையும் உற்றுப் பார்க்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்காவின் கணவர் புத்தகம் பைண்டிங் செய்கிறவர், அதிகம் பேசாதவர், டாக்டர் வாக்கை வேதமாக எடுத்துக்கொள்பவர். மனைவி போனை நோண்டக் கூடாது என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்த வாரமே ஸ்கூட்டர்காரி விழுந்தாள். கீழே விழவில்லை, பழைய குழியில் விழுந்தாள். மார்க்கெட் திருப்பத்தில் காலையில் போனவள் மத்தியானம் வரை அதே திருப்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அதே வாரம் சோப்புத் தம்பியின் கை மறுபடி புண்ணானது. பூட்டுத் தம்பி ராத்தூக்கத்தை விட்டான். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வைத்தியத்தில்தான் எங்கோ கோளாறு என்று உள்ளுக்குள் உடைந்து போனார். யாரிடமாவது கொட்ட வேண்டும். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று கணவரைக் கூப்பிட்டு, "அந்தப் போனை எடுத்துக் குடுங்க" என்றாள். அவர் வேண்டாவெறுப்பாக பீரோவைத் திறந்தார். போன் உயிர் பெற்ற கையோடு அடித்தது. அக்கா தடவித் தேடினாள்.

"இருங்க, நான் எடுத்துக் காதுல வெக்கிறேன்" என்று மேடம் எடுத்தார்.

"வேண்டாம் தங்கச்சி, வெச்சிடு..."

அதற்குள் உள்ளேயிருந்து குரல் பாய்ந்துவிட்டது.

"அக்கா! எங்கக்கா போனீங்க? எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? மார்க்கெட் திருப்பத்துல ஒரு பெரியவர் குடையோட வந்தாரு. நான் இடிக்கலதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, எனக்கு அது போதும்."

ஸ்கூட்டர்காரியின் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை. மேடம் போனை அணைத்துக் கட்டிலில் வைத்தார். பைண்டிங்காரர் விஷயம் புரிந்தோ புரியாமலோ மெதுவாக வெளியே போய்விட்டார்.

"ரொம்ப நாளா நடக்குதாக்கா?"

அக்கா தலையைக் குனியப் போனாள், குனியக் கூடாது என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தாள்.

"நீ கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கே. அதுங்க வெளிய வந்து என் மேசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. 'நீங்களாவது சொல்லுங்கக்கா'ன்னு கண்ணுல தண்ணி விடுது. நான் என்ன கல்லா?"

"அப்போ நான்தான் கல்லு."

"அப்படிச் சொல்லலை தங்கச்சி."

"இன்னும் யார் யாருக்கா?"

அக்கா போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அதுவே போதுமான பதிலாக இருந்தது. தீனியை நிறுத்துகிறேன் என்று உள்ளே மேடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வெளியே கதவை ஒட்டியே பந்தி நடந்திருக்கிறது. பிள்ளைகள் முன்னேறியது இவர் வைத்தியத்தால் இல்லை. வேளாவேளைக்கு அக்காவின் போனில் ஆறுதல் கிடைத்தது, அதனால்.

"அவ வண்டியில வந்து இறங்கினப்ப நான் எப்படித் துள்ளினேன். நீங்களும் கூட நின்னு சிரிச்சீங்களே அக்கா. அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே?"

"உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலை."

அந்த வார்த்தைதான் மேடத்தை நிஜமாகக் குத்தியது. பிள்ளைகளை ஏமாற்றியதையாவது இரக்கம் என்று சொல்லலாம். தன்னையும் அந்த வரிசையில் நிற்க வைத்து, ஒரு பயந்தாங்கொள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் தலையைத் தடவி அனுப்பியிருக்கிறாளே என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அக்காவின் முன்னால் அழ அன்றைக்கு முதன்முறையாகக் கூச்சப்பட்டார்.

அக்கா கையை நீட்டித் தடவி மேடத்தின் கையைப் பிடித்தாள். "இனிமே யாருக்கும் போன்ல பதில் சொல்ல மாட்டேன். என் கண்ணு மேல சத்தியம்." ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த கண். அதற்கு மேல் ஒரு சத்தியம் கேட்க மேடத்துக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஸ்கூட்டர்காரியை உள்ளறையில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். கோபப்படுவாள், மறைத்ததற்கு வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழந்தை மாதிரி விழித்தாள்.

"அதுவும் வைத்தியம்தானே மேடம்?"

"எது?"

"நீங்க உள்ள பயமுறுத்துறது, அக்கா வெளிய தேத்துறது. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் செய்றீங்கன்னு நினைச்சேன். பல் டாக்டர் ஊசி போட்டா நர்ஸ் வந்து தட்டிக் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி." கொஞ்சம் நிறுத்தினாள். முகம் மாறியது. "அப்போ நான் குணமே ஆகலையா? இத்தனை நாள் ஓட்டினது எல்லாம் பொய்யா?"

'இல்லம்மா, நீ நல்லா ஆயிட்டே' என்ற வார்த்தை மேடத்தின் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவரும் இன்னொரு அக்கா. சொல்லவில்லை. பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா செய்த காரியத்துக்கு இந்தப் பெண்ணின் கண்ணீர் தன் எதிரில் வந்து விழுகிறதே என்று மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். வேலையில சேர இன்னும் கொஞ்சம் நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆரம்பித்தார்கள். அக்காவும் கண் தேறி, கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்கு வரத் தொடங்கினாள். சோபாவில் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் "என்னைக் கேக்காதே கண்ணு, உள்ள போய்க் கேளு" என்று உரக்கச் சொன்னாள், உள்ளே கேட்கும்படி. வெளியறையிலிருந்து போன் பேச்சு ஒன்றும் வரவில்லை. மேடம் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார். கதவு சாத்தியபின் மறுபடி "தங்கச்சி" கேட்க ஆரம்பித்தது. ஸ்கூட்டர்காரியும் வியக்கும்படி முன்னேறினாள். அப்போதே மேடம் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பட்ட சூடு ஆறுவதற்குள் நம்பிவிட்டார். பயத்தைப் பற்றிப் படித்தவருக்குப் பாசத்தைப் பற்றிப் பாடம் போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலையில் சேர்வதற்கு முந்தைய நாள் ஒரு ஒத்திகை. பெண்ணின் வீட்டிலிருந்து பரிசோதனை நிலையம் வரை, மேடம் பின்சீட்டில். பள்ளங்கள், ஒரு பள்ளிக்கூட வாசல், மார்க்கெட் திருப்பம். திருப்பத்தில் குறுக்கே ஒரு கைவண்டி வந்தது. ஸ்கூட்டர்காரியின் தோள் இறுகியது, மூச்சு ஏறியது. மேடம் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தார். இது ஏறும், உச்சிக்குப் போகும், நேரமெடுத்து இறங்கும். அவருக்கு மனப்பாடமான பாதை. ஆனால் திருப்பத்தைத் தாண்டி ஒரு பஸ் நிறுத்தம் வந்ததும் தோள் பொசுக்கென்று தளர்ந்தது. உச்சிக்கே போகாமல் பயம் அணைந்துவிட்டது. அப்படி அணையாது. யாராவது அணைத்தால்தான் உண்டு.

மேடம் திரும்பிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேருக்கு நடுவில், கறுப்புக் கண்ணாடி, மடியில் கைப்பை, அக்கா. வலது கை உயர்ந்து, ஒன்றும் இல்லை, போ போ என்று அசைந்துகொண்டிருந்தது. பின்சீட்டில் இருப்பது யாரென்று அந்தக் கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததும் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

பரிசோதனை நிலையத்தின் வாசலில் மேடம் இறங்கிப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"தினமும் நிப்பாங்களா?"

"அவங்க ஏறுற ஸ்டாப் அதுதான் மேடம். நான் வர்ற நேரத்துக்கு வந்துடுவாங்க. நான் யாரையும் இடிக்கலைன்னா கையை ஆட்டுவாங்க."

"இடிச்சிருந்தா?"

"ஆட்ட மாட்டாங்க."

"என்னைக்காவது ஆட்டாம இருந்திருக்காங்களா?"

பெண் யோசித்தாள்.

"மார்க்கெட் திருப்பம் அந்த ஸ்டாப்புலேருந்து தெரியவே தெரியாது. நடுவுல அவ்வளவு பெரிய கட்டடம் இருக்கு" என்றார் மேடம். "அதை விடு. இப்பத்தான் கண் ஆபரேஷன் ஆனவங்க. கிட்டத்துல வந்த என்னையே அவங்களுக்கு அடையாளம் தெரியலை. போயும் போயும் அவங்களையா சாட்சிக்கு வெச்சிருக்கே?"

பெண் நிமிர்ந்தாள். உதட்டோரம் துடித்தது. அழப்போகிறாள் என்று மேடம் நினைத்தார். அவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு அந்தத் தண்ணீரோடேயே முகம் கோணியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "நீங்க ஆட்டோவுல போயிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். திரும்பிப் பார்க்காமல்தான் போனாள். ஆனால் அன்றைக்கு அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று மேடத்துக்குத் தெரியவில்லை.

கிளினிக்குக்கு வந்தபோது அக்கா மேசைக்குப் பின்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். சோபாவில் யாரும் இல்லை.

"போன்ல பேச மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்" என்று அவளே ஆரம்பித்தாள். "ஒரு வார்த்தை பேசலையே."

வந்த ஆத்திரத்துக்கு மேடம் மேசையைக் குத்தியிருப்பார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியாததால் யாரிடம் கத்துவது என்று தெரியாமல் நின்றார்.

"அவ தனியா நடக்கக் கத்துக்கறப்ப எல்லாம் நீங்க வந்து தூக்கிக்கிட்டீங்கக்கா. நாளைக்கு அவளை வேற ஏரியாவுக்கு அனுப்புவாங்க. அங்க எந்த ஸ்டாப்புல போய் நிப்பீங்க?"

அக்கா அதை யோசித்திருக்கவில்லை. யோசிக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. அப்புறம், "எனக்கு அந்தப் பொண்ணு அழுததுதான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியலை" என்றாள்.

பொய் சொல்லவில்லை அவள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பணத்துக்காகவோ பேருக்காகவோ காலை வாரியிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருக்கலாம். இது நம்ப வைத்துக் கழுத்தறுத்தது என்று சொல்லவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் முடியாமல் மேடம் நின்றார். மன்னித்துவிடு என்று மனசில் ஒரு பக்கம் சொன்னது. மன்னித்தால் நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு இன்னொரு பஸ் நிறுத்தம் என்று தெரிந்தது.

"கிளினிக் சாவியைக் குடுத்துடுங்கக்கா."

அக்கா கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தைத் தேடி எடுத்து, மேசையில் சத்தம் வராமல் வைத்தாள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருந்த தன் டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை, கதவும் சாத்தியிருந்தது.

"வர்றேன் மேடம்" என்றாள்.

படியில் அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை மேடம் மேலிருந்து பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவளைக் கைபிடித்து இறக்கிவிடக்கூட முடியாத கோபத்தில் இருந்தார். இறங்கி முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தார்.

மறுநாள் புதுப்பெண் ஒருத்தி வெளியறைக்கு வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் அனுப்பியவள். டோக்கன் சொன்னால் டோக்கன், தண்ணீர் சொன்னால் தண்ணீர், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மேடம் காலையிலிருந்து பிள்ளைகளைப் பார்த்தார். சோப்புத் தம்பி அழுக்கு டம்ளரைத் தொட்டுவிட்டு நடுங்கினான். "இருக்கலாம்" என்றார். அவன் போனபின், இவனிடம் இன்றைக்குக் கண்ட முன்னேற்றமாவது உண்மைதானா என்று நினைத்தார். இத்தனை வருஷத்தில் குணமாகிவிட்டார்கள் என்று அனுப்பிவைத்த ஒவ்வொரு முகமும் வரிசையாக வந்து நின்றது. யாரெல்லாம் தன்னால், யாரெல்லாம் அக்காவின் போனால்? அக்கா எடுத்துக்கொண்டு போனது டம்ளர் மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்கூட்டர்காரிக்கு அன்று வேலையில் முதல் நாள். மத்தியானத்திலிருந்தே மேடத்தின் கை போனுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. கூப்பிடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். சாயங்காலம் தாங்கவில்லை, கூப்பிட்டுவிட்டார்.

"எப்படிம்மா போச்சு?"

"நல்லாப் போச்சு மேடம்." பின்னால் வண்டிகளின் சத்தம். ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். "நிறைய வீடு. ஒரு பாட்டிக்கு நரம்பே கிடைக்கலை."

"வண்டி ஓட்டினது?"



"திரும்பிப் போய்ப் பார்த்தேனான்னு கேக்கத்தானே போன் பண்ணீங்க?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு..."

"சொல்ல மாட்டேன் மேடம். சொன்னா நாளைக்கும் கேப்பீங்க."

மேடம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அக்கா பொய் சொல்லி ஏமாத்துனாங்க. நீங்க உங்க கதவுக்கு வெளிய என்ன நடக்குதுன்னே பார்க்காம ஏமாத்துனீங்க" என்றாள் பெண். குரலில் சண்டை இல்லை, களைப்பு இருந்தது. "உங்க ரெண்டு பேரையும் நம்பித்தானே நான் அங்க வந்தேன்? இனிமே ரெண்டு பேர்கிட்டயும் கேக்க மாட்டேன். நீங்களும் கூப்பிடாதீங்க. வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

மேடம் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். யாரையும் கேட்காமல் ஒரு பிள்ளை தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அறையே. நின்றுவிட்டாள், இவரையும் உதறிவிட்டுத்தான் நின்றாள். வலித்தது, அதே நேரத்தில் எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கால் தானாக எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியறைக்கு வந்துவிட்டது.

"அக்கா, ஸ்கூட்டர்காரி என்ன சொன்னா தெரியுமா..."

மேசைக்குப் பின்னாலிருந்து புதுப்பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்லை" என்றார் மேடம். "அடுத்த ஆளை உள்ள அனுப்பு."